யூட்சனின் பெயரும் எட்டாவது சிம்பொனியும்

ஸ்காபறோ, கனடா
2024 நவம்பர் 5

அண்ணா,

உங்கள் நம்பரை ப்ளொக் பண்ணியிருக்கிறேன். மச்சாளின் நம்பரையும் சேர்த்துத்தான். போன் என்றால் நீங்கள் குரலைத் தாழ்த்தி, "அன்ரனெற், ஆறுதலாக் கதைப்பம்" என்று தொடங்குவீர்கள். நானும் அழுதுவிட்டு ஓம் என்று சொல்லிவிடுவேன். இந்த வயது வரைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆகவே கடிதம். கடிதத்தில் உங்களால் குரலைத் தாழ்த்த முடியாது.

சனிக்கிழமை ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் நான் கடைசி வாங்கில் இருந்தேன். நீங்கள் அம்மாவின் வீல்செயரோடு முன்னுக்கு இருந்தீர்கள். சுவாமி இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். எங்கள் அப்பாவின் பெயர் வந்தது, சிலுவை போட்டுக்கொண்டேன். அடுத்ததாக "நீக்கிலாஸ் யூட்சன்" என்றார்.

வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் ஊர் பேசாலையில் அப்பாவைப்போல நீக்கிலாஸ் என்ற பெயரில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள். பிறகு உங்கள் முதுகைப் பார்த்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அதற்கு முந்தின திங்கட்கிழமை புனித யூதா ததேயுவின் திருநாள். எங்கள் தம்பிக்கு யூட்சன் என்று வைத்ததே அவருக்கு வைத்த நேர்த்தியால்தான். இனி வழியில்லை என்று எல்லாரும் கைவிட்ட காரியங்களுக்காக மன்றாடுகிறவர் அவர். அந்த நாளில் வருஷா வருஷம் அவனுடைய சுகத்துக்காகவும், அவன் திரும்பி வரவேண்டும் என்பதற்காகவும் நான் பூசைக்கருத்துக் கொடுக்கிறேன். இந்த வருஷமும் கொடுத்தேன், வாசித்தார்கள். அதே கோயில், அதே சுவாமி, அதே மைக். திங்கட்கிழமை உயிரோடு இருந்தவனை சனிக்கிழமை சாகடித்துவிட்டீர்கள்.

பதினைந்து வருஷத்துக்கு முதல், யுத்தம் முடிந்த அந்த மே மாதம், வட்டுவாகல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆமி அவனை பஸ்சில் ஏற்றியதைக் கண்ட பெண் இன்றைக்கும் இருக்கிறார். ஏற்றியதைத்தான் கண்டிருக்கிறார். இறக்கியதை ஒருவரும் காணவில்லை. இறக்கியதை யாரும் காணாத ஒருவனை நீங்கள் எப்படி அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பீர்கள்?

அந்தப் பெயர்களை நவம்பர் முழுக்க பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். சுவாமியிடம் போய் அவனுடைய பெயரை எடுங்கள். எடுக்கும்வரை அஜக்சில் உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டேன். புதன்கிழமைகளில் அம்மாவோடு இருக்க இனி என்னைப் பார்க்க வேண்டாம். புதன் பின்னேரம் யூனியன்வில்லில் எங்கள் ஓக்கெஸ்ட்ராவுக்குப் பயிற்சி இருக்கிறது. இதுவரை அம்மாவுக்காக அதைப் பாதி நாள் தட்டிக்கழித்தேன், இனி ஒழுங்காகப் போவேன். ஒரு ரஷ்ய சிம்பொனி எடுத்திருக்கிறோம், யுத்த காலத்தில் எழுதியது. எனக்கு அதுவும் என் வியோலாவும் போதும்.

அம்மாவுக்கு என்ன காரணம் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.

அன்ரனெற்


அஜக்ஸ்
2024 நவம்பர் 21

அன்புத் தங்கச்சிக்கு,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று உனக்கும் தெரியும். இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. இருந்தும் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பாண் சுடுகிற கொம்பனியில் எந்த லொறி எந்தக் கடைக்கு என்று எழுதுவதோடு என்னுடைய எழுத்து முடிந்துவிடும்.

பெயரைக் கொடுத்தது நான்தான். இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். அதை இதில் எழுத முடியாது. நேரில் வா, கதைப்போம். எடுக்கச் சொன்னாய், அதுவும் முடியாது.

நான் சும்மா இருந்துவிட்டு இதைச் செய்தேன் என்று நினைக்காதே. செஞ்சிலுவைச் சங்கம், ஐ.நா., அங்கே இலங்கையில் ஒவ்வொரு அரசாங்கமும் மாறிமாறி வைத்த ஆணைக்குழுக்கள், எல்லாவற்றுக்கும் எழுதினேன். லீவு போட்டு ஜெனீவாவுக்கும் போய் மழைக்குள் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு இடத்திலும் அவனுடைய உயரம், இடது புருவத்தில் இருந்த வெட்டுக்காயம் எல்லாம் கேட்டார்கள். சொன்னேன். அவன் இல்லை என்று இன்றுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை. இருக்கிறான் என்றும் தரவில்லை. நான் களைத்துப்போய்த்தான் பெயரைக் கொடுத்தேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

அம்மாவை கிழமைக்கு மூன்று நாள் டயலிசிசுக்குக் கொண்டுபோய் வருகிறோம். மற்ற நாட்களில் முன்னறையில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். "இண்டைக்குப் புதன்தானே?" என்று கேட்பார். வியாழன் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் கேட்டால் வெள்ளி என்பேன். எங்கள் வீட்டில் இப்போது புதன்கிழமை என்று ஒன்று இல்லை.

கோயிலில் சனம் கேட்கிறது, தங்கச்சியைக் காணவில்லையே என்று. ரஷ்யாக்காரனின் சண்டைப்பாட்டு வாசிக்கப் போய்விட்டாள் என்று சொல்லட்டோ? அது என்ன பாட்டு என்று ஒருக்கால் எழுது. அதிலாவது யாரும் வெல்லுகிறார்களா?

ஜூலியன்


ஸ்காபறோ
2025 ஜனவரி 9

அண்ணா,

உங்கள் கடிதம் வருஷம் பிறந்த பிறகுதான் வந்தது. கேட்டீர்கள், சொல்கிறேன். அதில் ஒருவரும் வெல்லவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றில் எழுதியது, அந்த ரஷ்யரின் எட்டாவது சிம்பொனி. அதற்கு முந்தினதை முற்றுகைக்குள் இருந்த நகரத்தில் தொடங்கி எழுதினார், உலகமே எழும்பி நின்று கைதட்டியது. நாற்பத்து மூன்றில் அவர்களுடைய ஆமி வெல்லத் தொடங்கிவிட்டது. அடுத்தது வெற்றிப்பாட்டு என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் இதைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, சில வருஷத்தில் மேடையேற விடாமல் பண்ணிவிட்டார்கள். அவர் செத்து ஐம்பது வருஷம் என்று இந்த வருஷம் பல இடங்களில் அவரை வாசிக்கிறார்கள். எங்களைப்போல வேலை முடிந்து வந்து வாசிக்கிற கூட்டத்துக்கு இது பெரிய துணிவுதான்.

முதல் பகுதி சரியான நீளம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, எல்லா மேளமும் எல்லாக் குழலும் சேர்ந்து காதை அடைக்கிற ஒரு இடம் வரும். அது ஓய்ந்ததும் நாங்கள் வில்லை நடுங்க நடுங்க மெதுவாக இழுத்துக்கொண்டிருக்க, இங்கிலிஷ் ஹோர்ன் என்ற ஒரு குழல் மட்டும் கனநேரம் தனியாகக் கதைக்கும். முறைப்பாடு இல்லை, அழுகையும் இல்லை. ஒருவரும் மறுமொழி சொல்வதில்லை. வெறும் வீட்டில் யாரோ கதைத்துக்கொண்டு நடக்கிறமாதிரி இருக்கும்.

மூன்றாவது பகுதியைத் தொடங்குவது நாங்கள், வியோலாக்காரர். வியோலாக்காரரை யார் கவனிக்கிறது? வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் தடிப்பு, எப்போதும் நடுவுக்குள் இருந்து நிரப்புகிற வேலை. இதில் எங்களைத் தனிய விட்டிருக்கிறார். ஒரே வேகம், ஒரே அளவு, டக் டக் டக் டக் என்று மூச்சு விட இடமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மேலே குழல்கள் திடீரென்று வீரிட்டுக் கத்தும். நாங்கள் நிற்பதில்லை, நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. எங்களை நடத்துகிற செலீன் மொன்றியல்காரி. முதல் நாளே சொல்லிவிட்டார், இதை அழகாக வாசிக்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று. எனக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கிற றொனால்ட் ஓய்வெடுத்த பல் டொக்டர். தனக்குப் பழைய ட்ரில் ஞாபகம் வருகிறதாம்.

முதல் நாள் இதை ஷெல்லடி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது இது நான் என்று. யூதா ததேயு திருநாள், மெழுகுதிரி, மே மாதம், படம், பிறகு திரும்பவும் யூதா ததேயு திருநாள். நான் நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

வென்றதாக எழுதித் தா என்று அவரைக் கேட்டவர்களுக்கும், செத்ததாக எழுதிக் கொடுத்த உங்களுக்கும் என்ன வித்தியாசம், அண்ணா? உங்கள் எல்லாருக்கும் ஒரு முடிவு வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பது அடுத்த பிரச்சினை.

நவம்பர் முடிந்து பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். வாசித்ததை இனி ஒன்றும் செய்யமுடியாது. வருகிற நவம்பரில் அவனுடைய பெயரைக் கொடுக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை தாருங்கள், அடுத்த புதனே வந்து நிற்பேன். அம்மாவிடம் வியாழன் என்று சொல்வதையும் நிறுத்துங்கள்.

அன்ரனெற்


அஜக்ஸ்
2025 பெப்ரவரி 16

தங்கச்சி,

நீ கேட்ட வார்த்தையைத் தரமுடியாது. அது என் கையில் இல்லை. பெயரைக் கொடுக்கச் சொன்னது அம்மா.

ஒக்டோபர் கடைசியில் கோயிலில் தந்த என்வலப் குசினி மேசையில் கிடந்தது. அப்பாவின் பெயரை எழுதினேன். அம்மா வீல்செயரைத் தள்ளச் சொல்லிப் பக்கத்தில் வந்து, "யூட்சனையும் போடு" என்றார். நான் பேனையை வைத்துவிட்டேன். உன் மச்சாள் சிங்கில் தண்ணீரை நிற்பாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"போடு தம்பி. நான் போற இடத்தில அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் எப்பிடிப் போறது?"

உனக்குச் சொல்லவேண்டாம் என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். நீ உடைந்துபோவாய் என்று சொன்னார். நீ கோயிலுக்கு அன்றைக்கு வந்திருந்ததை நாங்கள் காணவில்லை. மார்க்கம் நகரத்துக் கோயில் பூசைக்குத்தான் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நான் திரும்பிப் பார்க்காதது உனக்கு ஒளிக்க இல்லை. அம்மா என்னுடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

இப்போது சத்தியத்தை உடைக்கிறேன், ஏனென்றால் வேறு வழி இல்லை. அம்மா டயலிசிசை நிற்பாட்டப் போகிறேன் என்கிறார். ஊசி குத்தக் கை இரண்டிலும் இடமில்லை, ஏறி இறங்கப் பலமில்லை. டொக்டரும் அது அவருடைய விருப்பம் என்று சொல்லிவிட்டார். நிற்பாட்டினால் ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு. அம்மாவுக்குச் சாகப் பயம் இல்லை. அங்கே போய் அவனைக் காணாவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். அவன் இந்த உலகத்தில் எங்கேயாவது ஒரு சிறைக் கம்பிக்குள் இருக்க, தான் அவனை விட்டுவிட்டுப் போனதாகிவிடுமாம்.

அவன் இல்லை அம்மா, நீங்கள் போகலாம் என்று நான் சொன்னேன். நம்பவில்லை. "நீ களைச்சுப்போய்ச் சொல்லுறாய். அவள் வந்து சொல்லட்டும். அவள்தான் அவனை விடாதவள். அவள் சொன்னால் நான் நம்புவன்."

நீ வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லவேண்டும். இதைவிட நான் உன்னிடம் வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

ஜூலியன்


ஸ்காபறோ
2025 மார்ச் 2

அண்ணா,

என்னால் முடியாது.

லாபில் நான் நாள் முழுக்க மற்ற ஆட்களின் இரத்தத்தைப் பார்த்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதுகிறேன். பார்த்ததைத்தான் எழுதலாம். பார்க்காமல் எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாத ஆட்களுக்கே நான் அதைச் செய்வதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, என்னுடைய தம்பியைப் பற்றி, நான் பார்க்காத ஒன்றைச் சொல்லச் சொல்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைக் காருக்குள் வைத்து வாசித்தேன். எனக்கு உங்களில் கோபம் இல்லை. கோபம் இருந்தபோது எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

இப்போது நாலாவது பகுதியைப் பயிற்சி செய்கிறோம். கீழே பேஸ் வாத்தியங்கள் ஒரே வரியை மிக மெதுவாக வாசிக்கும். முடிந்ததும் திரும்ப அதே வரி. அதற்கு மேலே ஒரு குழல் வந்து ஏதோ சொல்லிப் பார்க்கும், பிறகு வேறொன்று வரும். கீழே ஒன்றும் மாறாது. வாசிக்கிற எங்களுக்கே எங்கே நிற்கிறோம் என்று தட்டுப்படுவதில்லை. பிறகு ஒரு இடத்தில், நிறுத்தாமலே, வெளிச்சமான சுருதிக்கு மாறி ஐந்தாவது பகுதி தொடங்கிவிடும். பசூன் என்ற தடித்த குழல், பகிடி விடுகிறமாதிரி ஒரு மெட்டோடு வரும். அந்த இடத்தை நம்பவேண்டாம் என்று செலீன் சொல்கிறார், பின்னால் பழைய இடி திரும்பவும் வரும். ஆனாலும் அந்த மாறுகிற இடம் வரும்போது நான் ஒவ்வொரு முறையும் நம்பிவிடுகிறேன். நான் என்ன செய்ய?

ஏப்ரல் இருபத்தாறு எங்கள் கச்சேரி. அதுவரைக்கும் அம்மாவை டயலிசிசுக்குப் போகச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அதற்குள் யாராவது எழுதுவார்கள், ஏதாவது ஒரு செய்தி வரும். வராவிட்டால் நான் வந்து சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் அவகாசம் தாருங்கள்.

அன்ரனெற்


அஜக்ஸ்
2025 மார்ச் 13

தங்கச்சி,

தபாலில் போட்டால் சுணங்கும். உன் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போகிறேன். தட்டினேன், நீ வேலைக்குப் போய்விட்டாய் போல.

நீ கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். "ஏப்ரலோ?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை டயலிசிசுக்கு ஏற்றிப்போகிற வான் வந்து நின்றது. மச்சாள் அம்மாவுக்குச் சப்பாத்தைப் போட்டுவிடப் போக, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இன்றைக்கும் போகவில்லை. நேர்ஸ் இப்போது வீட்டுக்கு வருகிறாள்.

இன்று காலையும் கேட்டார், "இண்டைக்குப் புதனோ?" என்று. இன்றைக்கு வியாழன். நான் ஓம் அம்மா, புதன்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிடு.

ஜூலியன்


ஸ்காபறோ
2025 ஏப்ரல் 6

அண்ணா,

அம்மாவை அடக்கம் செய்த சேமக்காலைக்கு இன்று பூசை முடியப் போனேன். கல் இன்னும் வைக்கவில்லை, பூக்கள் உறைந்துபோய்க் கிடந்தன. நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரைத்தான் அம்மா வேண்டுவார். அவருடைய திருநாளிலேயே போய்விட்டார். அது உண்மையான புதன்கிழமை என்பதை வீட்டில் யாராவது கவனித்தீர்களோ தெரியாது.

கதவுக்குக் கீழால் நீங்கள் தள்ளின கடிதத்தைக் கண்டு அன்றைக்கு நான் வந்தபோது நீங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அறைக்கு வெளியே போய்விட்டீர்கள். உள்ளே நடந்ததை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவைப் பார்வைக்கு வைத்த நேரமும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

அம்மா என்னுடைய கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அவன் இருக்கிறானோ பிள்ளை?"

"இல்லை அம்மா."

"எப்ப?"

எப்போது என்று கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. நானூற்றியொன்று ஹைவேயில் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது இல்லை என்ற சொல்லைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "அண்டைக்கே அம்மா. பஸ்சால இறக்கின உடனயே" என்றேன்.

"கனநேரம் நொந்தவனோ?"

"இல்லை அம்மா. நோகேல்ல."

"அப்ப சரி" என்றார். என் கையை விட்டுவிட்டு, தலையணையைக் கொஞ்சம் கீழே இழுக்கச் சொன்னார். அவ்வளவுதான், அண்ணா. அதற்குப் பிறகு என்னோடு அவர் அவனைப் பற்றிக் கதைக்கவில்லை. நித்திரை நன்றாக வந்தது என்று நேர்ஸ் சொன்னாள்.

இறக்கியதை ஒருவரும் காணவில்லை என்று உங்களோடு சண்டை பிடித்தவள் நான். நானே அவனை பஸ்சில் இருந்து இறக்கிவிட்டேன். நோகவில்லை என்றும் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தவனைக் கொல்ல எனக்கு ஒரு சொல்லுக்கு மேல் தேவைப்படவில்லை. நான் சொன்னது உண்மையாக இருந்தால் அவன் இல்லை. பொய்யாக இருந்தால் சாகப் போகிற அம்மாவை ஏமாற்றியிருக்கிறேன். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது.

ப்ளொக் பண்ணின நம்பர்களைத் திறந்துவிட்டேன். ஆனால் கோல் எடுக்காதீர்கள். என்னால் கதைக்க முடியாது. இருபத்தாறாம் திகதிக்கு ஒரு டிக்கெட் இதற்குள் இருக்கிறது. செத்தவீட்டுத் துடக்கோடு எப்படிக் கச்சேரிக்கு என்று சனம் கேட்டால் கேட்கட்டும், நீங்கள் வாருங்கள்.

அன்ரனெற்


அஜக்ஸ்
2025 ஏப்ரல் 29

அன்புத் தங்கச்சிக்கு,

போன் எடுக்காதே என்றாய், எடுக்கவில்லை. எனக்கும் எழுதுவது பழகிவிட்டது.

சனிக்கிழமை செத்தவீட்டுக்கு வாங்கின கறுப்புச் சூட்டோடுதான் வந்தேன். வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண் என்னையும் வாசிக்க வந்தவன் என்று நினைத்து மேடைப் பக்கம் போகச் சொன்னாள். எனக்குச் சங்கீதம் தெரியாது, அதனால் பிழையாக எழுதினால் சிரிக்காதே. முதல் பகுதியில் அந்த இடி இடிக்கும்போது எனக்கு முன்னால் இருந்த கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. பிறகு அந்தத் தனிக்குழல் கதைத்தது. நீ எழுதியிருந்ததால் எனக்கு அது வரும் என்று தெரியும். தெரிந்தும் நான் அழுதேன். அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு கதைப்பது அப்படித்தான் இருக்கும். உனக்குத் தெரியாது, நீ அந்த மாதங்களில் வரவில்லை. குற்றம் சொல்ல எழுதவில்லை.

நீங்கள் தொடங்கின பகுதியில் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எழும்பிப் போய் உன் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது.

கடைசியில் சத்தம் குறைந்து குறைந்து, ஒரே ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அது எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கைதட்டுவதா விடுவதா என்று பக்கத்தில் பார்த்தேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அந்த மொன்றியல் பெண் கையை மேலே வைத்தபடி நின்றாள். நீங்கள் ஒருவரும் அசையவில்லை. அவள் கையை இறக்கின பிறகுதான் நீ வில்லை இறக்கினாய். நான் கைதட்டவில்லை, அன்ரனெற். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். எங்களுக்கு அப்படிக் கையை இறக்கிவிட ஒருவரும் இல்லை. அரசாங்கம் இல்லை, ஐ.நா. இல்லை, சுவாமியும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் நீ இருந்தாய்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பெரிய வெள்ளியில் விழுந்ததால் பூசையைத் தள்ளிவைத்தோம் அல்லவா, வருகிற சனிக்கிழமை வைத்திருக்கிறேன். நேற்றுப் பெயர் கொடுக்கப் போனபோது கோயில் ஒபிசில் இருக்கிற நவரட்ணம் அங்கிள், போன நவம்பரில் தம்பியையும் போட்டனீர்தானே, அவரையும் சேர்ப்பமோ என்று கேட்டார். வேண்டாம் என்று வாயில் வந்துவிட்டது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா கேட்டதால் கொடுத்தேன், இனி கேட்க அம்மா இல்லை. நானும் அவனைச் செத்தவர்களோடு விட்டுவிட்டால் நீ தனிய நிற்பாய். நீ அம்மாவுக்குச் சொன்னது அம்மாவுக்கு மட்டும்தான். எனக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரியில் நீ கேட்ட வார்த்தையைப் பிந்தித் தருகிறேன். இனி நவம்பரில் நான் அவனுடைய பெயரைக் கொடுக்கமாட்டேன். நீ உன் யூதா ததேயு பூசையை விடாமல் கொடு.

ஜூலியன்


ஸ்காபறோ
2025 நவம்பர் 2

அண்ணா,

உங்கள் கடிதத்துக்கு நான் மறுமொழி எழுதாமல் விட்டது பிழை. அம்மாவின் பூசையில் கண்டோம், கல் வைத்த அன்று கண்டோம், உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். குளிரையும் மச்சாளின் முழங்காலையும் பற்றிக் கதைத்தோம். இதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

யூதா ததேயுவின் திருநாள், ஒக்டோபர் இருபத்தெட்டு, வருவதற்கு முதல் கோயில் ஒபிசுக்குப் போனேன். நவரட்ணம் அங்கிள் என்னைக் கண்டதும் பேனையை எடுத்துவிட்டார். வழமைபோல சுகத்துக்காகத்தானே என்று கேட்டார். அம்மாவிடம் இல்லை என்று சொன்ன வாயால் எனக்கு ஓம் என்று சொல்ல வரவில்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பப் போகவில்லை. அந்தத் திருநாளில் கோயிலுக்கும் போகவில்லை, லாபில் வேலை என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன்.

நீங்கள் தந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. இருந்தும் இன்றைக்கு ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு வந்து கடைசி வாங்கில் இருந்தேன். நீங்கள் அந்த வார்த்தையை மறந்திருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பெயரை வாசித்தார். அம்மாவின் பெயரை வாசித்தார். அதற்குப் பிறகு தாளைப் பிரட்ட ஒரு கணம் எடுத்தார். வேறொரு குடும்பத்தின் பெயர் வந்தது.

அப்போதுதான் நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். போன வருஷம் திரும்பாதவர் இந்த வருஷம் திரும்பினீர்கள். வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன், சந்தோஷமா என்று கேட்கிறமாதிரி உங்கள் முகம் இருந்தது. நான் யூதா ததேயு திருநாளுக்கு அவனுடைய பெயரைக் கொடுத்திருப்பேன் என்று நம்பிக்கொண்டு நீங்கள் இருந்தீர்கள் என்று எனக்கு விளங்கியது. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாமல்தான் ஆட்டினேன். பூசை முடியுமுன்பே எழும்பி வந்துவிட்டேன்.

அண்ணா, அவனுக்காக இந்த வருஷம் நான் கொடுக்கவில்லை. இருக்கிறவர்களோடும் அவனை வாசிக்கவில்லை, இறந்தவர்களோடும் வாசிக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் மிஞ்சி இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் மற்றவருக்காக என்று நினைத்து, சொல்லாமல் விட்டுவிட்டோம்.

அன்ரனெற்